அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

போன ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலை செய்கிற சட்டத்தரணி, எங்கள் சேர், கோர்ட்டுக்குப் போயிருந்தார், கந்தோரில் (அலுவலகத்தில்) நான் மட்டும். ஒரு தம்பியும் அவருடைய மனைவியும் வந்தார்கள். அவர் கட்டாரில் ஐந்து வருடம் நின்றுவிட்டு வந்தவர். மனைவியின் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை.

"காணி ஒண்டு பேசி முடிச்சிட்டம் அக்கா. எட்டு லட்சம் அட்வான்ஸும் குடுத்தாச்சு. உறுதி எழுத எப்ப வரலாம்?"

ஃபைலை வாங்கித் திறந்தேன். உள்ளே உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், இல்லை. பேமிட், அதாவது அனுமதிப்பத்திரம், இருந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் அரசாங்கம் ஒருவருக்குக் குடியிருந்து பயிர் செய்யக் கொடுத்த காணி. பேமிட்டோடு ஒரு வெள்ளைத் தாள், அதில் முத்திரை ஒட்டி மூன்று கையெழுத்து. அவ்வளவுதான்.

அந்தக் காணியை உறுதி எழுதி மாற்ற முடியாது. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணி. பேமிட்காரர் அதில் வீடு கட்டி இருக்கலாம், விதைக்கலாம், தனக்குப் பிறகு யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதியலாம். நினைத்தபடி இன்னொருவருக்கு விற்க முடியாது. வெள்ளைத் தாளில் எத்தனை முத்திரை ஒட்டினாலும் காணி கைமாறாது. காணி விற்பனையை நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) முன்னால், இரண்டு சாட்சிகள் வைத்து எழுதினால்தான் செல்லும் என்று 1840இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் நடைமுறை.

இதையெல்லாம் என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன். தம்பியின் முகம் கறுத்துவிட்டது. "புரோக்கர் சொன்னவர், இதுவும் உறுதிக் காணி மாதிரித்தான் எண்டு." அந்தத் தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. வெள்ளைத் தாளை எடுத்தார், முதலில் எப்படி மடித்திருந்ததோ அதே மடிப்பில் திரும்ப மடித்தார், ஃபைலுக்குள் வைத்தார், ஃபைலின் பொத்தானை அழுத்திப் பூட்டினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எட்டு லட்சத்தில் மூன்று லட்சம்தான் அவர்களுக்குத் திரும்பி வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்குத் தொடங்கிய யோசனை இது. நான் காணித் தரகராகப் போகலாமா?

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் நாவற்குடாக்காரி. வயது 43. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சட்டத்தரணியிடம், அவர் நொத்தாரிசும்கூட, 17 வருடமாக வேலை செய்கிறேன். உறுதி தட்டுவது, பிளானோடு உறுதியில் உள்ள காணி விபர அட்டவணையை ஒப்பிடுவது, காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பதிவுப் பக்கங்களைத் தேடுவது, எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன்னர் பதிவகத்தில் சேர்ப்பது, இதெல்லாம் என் வேலை. பாமினி எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். "வடக்கே", "கிழக்கே", "தெற்கே", "மேற்கே" என்ற நான்கு சொல்லையும் எத்தனை ஆயிரம் தரம் தட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் நான் தட்டிய காணிகளில் நூற்றுக்கு ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

எங்களிடம் ஆட்கள் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். விலை பேசி, நாள் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, நகை அடைவு வைத்துக் காசு திரட்டி, அதற்குப் பிறகுதான் எங்கள் கதவைத் தட்டுவார்கள். நான் பதிவகத்துக்குப் போய் முப்பது வருடத்துப் பதிவைத் தேடிப் பார்த்தால் சிலவேளை ஒரு ஈடு, அதாவது அடமானம், நிற்கும், வங்கிக்கோ தனியாருக்கோ. சிலவேளை பங்கு வழக்கு நடந்துகொண்டிருக்கும். சிலவேளை விற்க வந்தவரின் தகப்பன் அதே காணியில் பாதியைப் பத்து வருடத்துக்கு முன்னமே மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். இதைச் சொல்லும்போது வாங்க வந்தவர் என்னைப் பார்க்கிற பார்வையில், நான்தான் அந்தக் காணியைக் கெடுத்துவிட்டேன் என்பது போல இருக்கும். நான் சொல்லவேண்டிய இடம் இதுவல்ல. இரண்டு மாதத்துக்கு முன், ஒழுங்கை முனையில், காணியைக் காட்டுகிற நேரத்தில் யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

அந்த இடத்தில் நிற்பவர் தரகர். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் கந்தோருக்கு வந்து போகிற தரகர்களில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள், ஏழையின் காணிக்குத் தரகுக் காசே வாங்காதவரையும் எனக்குத் தெரியும். ஆனால் பலருக்கு உறுதியை வாசிக்கத் தெரியாது. சட்டத்தரணிக்குப் பரீட்சை இருக்கிறது, நில அளவையாளருக்கு லைசன்ஸ் இருக்கிறது. காணி காட்ட ஒரு மோட்டார் சைக்கிளும் போனும் போதும். உறுதியின் முதல் பக்கத்தையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டுக் காட்டுகிறார்கள். கடைசியில் உறுதி எழுதும்போது பெரும்பாலும் அந்தத் தரகர்தான் ஒரு சாட்சியாகவும் கையெழுத்து வைப்பார். தான் எதற்குச் சாட்சி வைக்கிறோம் என்பதை அவர் முதலே வாசித்திருந்தால் எத்தனை குடும்பம் தப்பியிருக்கும்.

எனக்கு உறுதித் தாள் மேல் இப்படி ஒரு பற்று வந்ததற்குக் காரணம் எங்கள் அம்மா. அம்மாவின் சீதன வீடு கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி கடல் வந்தபோது வீட்டில் நின்றது பின்சுவரும் கிணற்றுக் கட்டும் மட்டும். நாங்கள் உயிர் தப்பியது முந்தின நாளே செங்கலடிக்குப் பெரியம்மா வீட்டுக்கு நத்தார் லீவுக்குப் போயிருந்தபடியால். திரும்பி வந்து அம்மா தேடியது நகையை அல்ல. பிஸ்கட் தகரத்தை. அதற்குள்தான் உறுதி இருந்தது. ஒரு கிழமை மண்ணைக் கிளறினார். தகரம் கிடைக்கவே இல்லை.

அப்புறம் யாரோ சொல்லிக் காணிப் பதிவகத்துக்குப் போனோம். நம்பரும் தெரியாது, திகதியும் சரியாகத் தெரியாது. எழுதிய நொத்தாரிசின் பெயர் மட்டும் அம்மாவுக்கு ஞாபகம். அங்கே இருந்த ஒரு ஐயா பெயர்ச் சுட்டியைப் புரட்டி, பெரிய புத்தகம் ஒன்றை எடுத்துப் போட்டு, விரலால் வரி வரியாகப் போய்க் கண்டுபிடித்தார். அந்த நொத்தாரிசு அந்தக் காலத்தில் இரண்டாம் பிரதியை ஒழுங்காக அனுப்பியிருந்தார். அதிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். வாசலுக்கு வந்து அம்மா அந்தத் தாளை முகத்தில் வைத்து மணந்து பார்த்தார். நான் மாதம் தவறாமல் 15ஆம் திகதிக்கு முன்னர் பிரதிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த நாளை நினைத்துத்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. தாய்வழிச் சொத்துரிமையைச் சொன்ன பழைய முக்குவர் சட்டம் சட்டப் புத்தகத்தில் இல்லாமல் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, ஆனாலும் தாய்வழிக் குடி (குலம்) பார்க்கிற முறை போகவில்லை, மகளுக்கு வீடு கொடுக்கிற பழக்கமும் போகவில்லை. தமிழ் வீடாக இருந்தாலும் முஸ்லிம் வீடாக இருந்தாலும் மகள் பிறந்தால் தகப்பன் வீட்டுக்குக் கல்லரியத் தொடங்கிவிடுவார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். அதனால் எங்கள் மேசைக்கு வருகிற வீட்டு உறுதிகளில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர்தான் இருக்கும்.

ஆனால் விற்பனை பேசுவது யார்? ஆண்கள். தரகர் கணவரோடு பேசுவார், கணவர் தரகரோடு பேசுவார், வாங்குகிறவரும் ஆண், மூவரும் தேத்தண்ணிக் கடையில் விலையை முடித்துவிட்டு வருவார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரி கையெழுத்து வைக்கிற அன்றைக்குத்தான் முதல்முதல் நாற்காலியில் உட்காருவார். சேர் ஒவ்வொரு தரமும் கேட்பார்: "அம்மா, உங்கட சொந்த விருப்பத்தோடதானே எழுதிக் குடுக்கிறீங்க? காசு முழுக்க உங்கட கைக்கு வந்ததா?" ஓம் என்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்பார்கள். நான் எதிரே இருந்து பேனையை எடுத்துக் கொடுப்பேன். அந்தக் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா கையெழுத்து வைத்துவிட்டு, வாசலில் செருப்பைப் போடும்போது என்னிடம் சொன்னார்: "எங்கம்மா எனக்குத் தந்த வீடு புள்ள. என்ட மகளுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?" அப்போது உறுதியின் மை காய்ந்துவிட்டது.

இன்னொன்று சீவிய உருத்து. சீதனம் எழுதும்போது தாய் தகப்பன் தாங்கள் சாகும்வரை அனுபவிக்கிற உரிமையை வைத்துக்கொண்டுதான் மகளுக்கு எழுதுவார்கள். உறுதியின் நடுவில் ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தரகர் பார்க்கமாட்டார். மகளும் மருமகனும் விலை பேசி முடித்திருப்பார்கள், திண்ணையில் இருக்கிற கிழவியிடம் ஒரு சொல் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் வந்து தன் உருத்தை விட்டுக் கொடுத்துக் கையெழுத்து வைக்காவிட்டால் வாங்குகிறவர் அந்தக் கிழவியையும் சேர்த்துத்தான் வாங்கவேண்டும். இதில் என் அனுபவத்தில் ஒரு விசயம் தெளிவு: அந்தக் கிழவியிடம் குசினியில் பலகையைப் போட்டு இருந்து கதைக்க ஒரு பெண்ணால்தான் முடியும். "வித்தால் நீங்க எங்க போவீங்க அம்மா?" என்ற கேள்வியை எந்தத் தரகரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. நான் கேட்பேன். நான் இந்த வேலைக்குப் போனால் முதல் கேள்வி அதுதான்.

சரி, ஆசை இருந்தால் போதாது, காணியைப் பார்க்கப் பழகவேண்டுமே. கடந்த ஐந்து மாதமாகச் சனி, ஞாயிறுகளில் காத்தான்குடி நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரோடு போய்வருகிறேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது, முப்பது வருடமாக இந்தத் தொழில். எங்கள் கந்தோரில் அவர் சாட்சி வைத்த உறுதிகள் ஒரு அலுமாரி நிறைய இருக்கும். அவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போவார், நான் ஸ்கூட்டியில் பின்னால். அவரிடம் கற்றுக்கொண்டவை எந்த உறுதியிலும் எழுதியிருக்காது.

"தங்கச்சி, காணிய வெயில்ல பாக்கக்கூடா. மாரியில பாக்கணும்." இதுதான் முதல் பாடம். எங்களுக்கு மழை ஐப்பசி கார்த்திகையில் பிடித்துத் தை வரைக்கும் அடிக்கும். வெளிநாட்டில் இருந்து லீவில் வருகிறவர்கள் ஆடி ஆவணியில் காணி பார்க்கிறார்கள். அப்போது வாவிக் கரைக் காணி பட்டுப்போல இருக்கும், காற்று அடிக்கும், தென்னை அசையும். போன மார்கழியில் நானா என்னை அப்படி ஒரு வளவுக்குக் கூட்டிப்போனார். விற்கிறவர் கிரவல் போட்டு இரண்டடி உயர்த்தி, முன்பக்கம் மதிலும் கட்டியிருந்தார். பார்க்க நல்ல காணி. நானா காணிக்குள் போகவில்லை. பக்கத்து வளவுக்குள் போய், பழைய வீட்டின் பின்சுவரைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்த சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு மங்கல் கோடு, மண்ணிறத்தில், சுவரின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை நேராகப் போகிறது. "இது 2011 தை வெள்ளம்" என்றார். அந்த வீட்டு அக்கா வெளியே வந்து, எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எந்தப் பக்கத்தால் ஏறியது, கோழிக் கூட்டை எங்கே தூக்கி வைத்தார்கள் என்று எல்லாம் சொன்னார். கிரவல் போட்ட காணித் தண்ணீர் இப்போது தன் வளவுக்குள் வருகிறது என்ற கவலையையும் சொன்னார். இரண்டடி கிரவல் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது.

அப்புறம் கிணறு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் எழுவான்கரை மணல் நிலம். ஒரு வளவில் நல்ல தண்ணீர், நாலு வீடு தள்ளி உவர். நானா வாளியில் அள்ளி ஒரு மிடறு வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவார். எனக்கும் இப்போது நாக்கு பழகிவிட்டது. தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கிணற்றுக்கு எத்தனை பேர் பங்கு என்றும் கேட்பார். பழைய வளவுகளில் அக்கா தங்கச்சிகளுக்குப் பொதுக் கிணறாக எழுதியிருப்பார்கள். வாங்குகிறவர் மதில் கட்டியபிறகு சண்டை வரும்.

எல்லையும் அப்படித்தான். பழைய உறுதிகளில் அளவு பாகத்தில் (இரு கையையும் விரித்த நீளம்) இருக்கும், எல்லைக்கு ஒரு பூவரசு, ஒரு பனை, "இன்னாருடைய பெண்சாதியின் சீதன வளவு" என்று இருக்கும். பூவரசு பட்டுப்போய் எத்தனையோ வருடம். இப்போதுள்ள பேச்சு பேர்ச்சில். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர். வேலி ஒவ்வொரு வருடமும் கட்டும்போது ஒரு சாண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்துவிடும். "இருபது பேர்ச்" என்று சொல்லி விற்க வந்த ஒரு வளவை அளந்தால் பதினேழரை வந்தது. பேர்ச் கணக்கில் விலை பேசுகிற காலத்தில் இரண்டரைப் பேர்ச் என்பது ஒரு குடும்பத்தின் இரண்டு வருடச் சேமிப்பு. பிளான் புதிதாக அடிக்காமல் விலை பேசக்கூடாது என்று எனக்கு நானே முடிவெடுத்திருக்கிறேன்.

வாவிக்கு மேலே மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபோது எங்கள் கந்தோரில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். அதுவரை பாதையில் (வாகனமும் ஏற்றுகிற தட்டைப் படகு) ஏறி, மாடும் மனிதரும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாகக் கடந்த துறை அது. பாலம் வந்த பிறகு படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உறுதிகள் அடிக்கடி மேசைக்கு வரத் தொடங்கின. வயற்காரரிடம் ஏக்கர்க் கணக்கில் வாங்கி, பேர்ச் கணக்கில் துண்டு போட்டு விற்கிறவர்கள் வந்தார்கள். அங்கே உறுதிக் காணியும் பேமிட் காணியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வெளியில் இருந்து வருகிறவருக்கு இரண்டும் ஒரே புல், ஒரே வரம்பு. அந்தக் கட்டார்த் தம்பி விழுந்தது இந்த இடைவெளியில்தான்.

போரால் வந்த சிக்கல் தனி. 1990இல் விட்டுவிட்டு ஓடியவர்கள் திரும்பி வரும்போது காணியில் வேறு ஆள். பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம் என்பது பழைய சட்டம். ஆயுதக் குழுக்களின் செயலால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அப்படி வந்தது எங்கள் பக்கத்தில் பலரின் காதுக்கே எட்டவில்லை. இப்படிப்பட்ட காணியை "ஆள் இல்லாக் காணி, மலிவு" என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் இல்லாக் காணி என்று ஒன்று இல்லை. ஆள் எங்கேயோ இருக்கிறார்.

வெளிநாட்டுக்காரர்களும் நிறைய வருகிறார்கள், போனில்தான். கனடாவில் இருந்து ஒரு அண்ணன், தான் பிறந்த ஒழுங்கையிலேயே ஒரு துண்டு வாங்கவேண்டும் என்று கேட்டார். நல்ல மனம், குரலிலேயே தெரிந்தது. அவருக்கு இலங்கைக் குடியுரிமை இப்போது இல்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்ற முடியாது, இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் முடியும். இதைச் சொன்னதும் "ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்ல தங்கச்சி, தம்பியிட பேரில எழுதலாம் எண்டுதான் சொன்னவங்கள்" என்றார். தம்பியின் பெயரில் எழுதினால் அது தம்பியின் காணி. அண்ணன் தம்பி உறவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தம்பிக்குப் பிறகு தம்பியின் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். தரகு கிடைத்திருக்காது, ஆனால் அவர் மூன்று மாதம் கழித்துத் தன் அக்காவின் வளவு விசயமாக என்னையே தேடிப் போன் எடுத்தார்.

காசுக் கதைக்கு வருவோம், வீட்டில் எல்லோரும் கேட்டது அதைத்தான். இங்கே பேசுகிற தரகு மூன்று வீதம். 60 லட்சம் ரூபாய் வளவு ஒன்று முடிந்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் விற்கிற பக்கம் ஒருவர், வாங்குகிற பக்கம் ஒருவர், நடுவில் "நான்தான் முதல் சொன்னது" என்று ஒருவர், மூன்றாகப் பிரியும். அதே 60 லட்சத்துக்கு முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு மூன்று வீதம், மிச்சத்துக்கு நாலு வீதம் என்று 2,39,000 ரூபாய் வரும். அதைக் கட்டிவிட்டு வருகிறவரிடம் தரகுக் காசைக் கேட்கும்போது "பிறகு பார்ப்பம்" என்பார்கள். மூன்று மாதம் ஒன்றும் முடியாமல் இருக்கும் என்று நானா நேராகவே சொல்லிவிட்டார். எனக்குக் கந்தோரில் மாதச் சம்பளம், அதோடு சேமலாப நிதிக்கு முதலாளி கட்டுகிற 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். அதை விடுவது சின்ன விசயம் இல்லை. மகள் அடுத்த வருடம் ஏ.எல் பரீட்சை எடுக்கிறாள். என் கணவர் வயரிங் வேலை, மழைக் காலத்தில் வேலை குறையும். இவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ஒரு வருசத்துக்கு என்ட உழைப்பில வீடு ஓடும், நீ பயப்படாம பார்" என்றார். அதைச் சொல்ல அவர் எத்தனை கணக்குப் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "புரோக்கர் வேலையா? பொம்புளப் புள்ள ஒழுங்க ஒழுங்கயா ஆம்புளையளோட திரியிறதா? மறுகா ஊர் என்ன சொல்லும்?" நான் பிஸ்கட் தகரத்தை ஞாபகப்படுத்தினேன். அந்தப் பதிவக ஐயாவை ஞாபகப்படுத்தினேன். "அவர் மாதிரி ஒராள் வெளியில வேணும் அம்மா, கந்தோருக்குள்ள மட்டும் இருந்தா காணாது" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். அடுத்த நாள் நாவற்குடாவில் ஒரு அக்கா வளவு விற்கப் போகிறாவாம் என்று அம்மாவே வந்து சொன்னார்.

ஒரு கேள்விக்கு முதலிலேயே என் பதிலைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இதை என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "எந்த ஆக்களுக்கு விக்கப்போறாய்?" தமிழரான ஆரையம்பதிக்காரரும் முஸ்லிம்களான காத்தான்குடிக்காரரும் ஒரே மேசையில் இருந்து கையெழுத்து வைத்ததை நான் 17 வருடமாகப் பார்த்தவள். காணியால் இந்த மாவட்டத்தில் வந்த நோவும் எனக்குத் தெரியும், அதை மறைக்கமாட்டேன். விற்கிறவரின் மனதுக்கும் அயலுக்கும் மதிப்புக் கொடுப்பேன். ஆனால் சாதி மதம் சொல்லி விலையை ஏற்றவும் இறக்கவும் மாட்டேன். எனக்குத் தொழில் சொல்லித் தருகிறவர் காத்தான்குடி நானா. அவர் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை சேரிடம் கதைத்தேன். பயந்துகொண்டுதான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நீ போனா எனக்கு ஒரு கை போன மாதிரி. ஆனா நீ காட்டுற காணிக்கு உறுதி எழுத எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார். சித்திரையில் இருந்து கிழமைக்கு மூன்று நாள் கந்தோர், மற்ற நாட்கள் என்னுடையவை என்று பேசியிருக்கிறோம். ஒரு விசயத்தை அவரே கேட்டார்: நான் காட்டுகிற காணிக்கு நானே பதிவகத்தில் தேடி, நானே உறுதியும் தட்டக்கூடாது, வாங்குகிறவர் தனக்கு விரும்பிய நொத்தாரிசிடம் போகட்டும். சரியான பேச்சு. எனக்கு அது தோன்றியிருக்கவில்லை, உடனே ஒத்துக்கொண்டேன்.

மகள் போனில் படம் எடுத்துத் தருகிறேன், பேஸ்புக்கில் பக்கம் தொடங்கு, இக்மன் இணையத்தளத்தில் போடு என்று நிற்கிறாள். போடலாம். ஆனால் உறுதியை வாசித்து, பதிவைத் தேடுவித்து, வீட்டுக்காரியோடு கதைத்து முடிக்கும்வரை ஒரு படமும் ஏறாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அட்வான்ஸும் என் கையால் வாங்கமாட்டேன். கொடுப்பதென்றால் பதிவு பார்த்த பிறகு, நொத்தாரிசு முன்னால் விற்பனை உடன்படிக்கை எழுதிக் கொடுக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை அம்மா சொன்ன அந்த நாவற்குடா வளவைப் பார்க்கப் போகிறேன், நானா இல்லாமல், முதல் தடவையாகத் தனியே. பதினொரு பேர்ச், பழைய வீடு, பொதுக் கிணறு. உறுதியின் போட்டோப் பிரதியை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டேன். நடுவில் அந்த ஒரு வரி இருக்கிறது: தாயாருக்குச் சீவிய உருத்து. அவருக்கு எண்பத்தொரு வயதாம். எத்தனை மணிக்கு வர என்று அந்த அக்காவிடம் கேட்டேன். பத்து மணிக்கு வரச் சொன்னார். அந்த நேரம் ஆம்பிளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள், அம்மா குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருப்பா, ஆறுதலாகக் கதைக்கலாம் என்றார்.